பாவித்த பிக்கப் வண்டியை வாங்குமுன் ஆராய வேண்டியவை

மரக்கறிச் செய்கையில் நல்ல விளைவைப் பெறுவது பாதி வேலையே. அதனை வாடாமலும் நசியாமலும் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றப் பாதி. விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தையோ திருநெல்வேலிச் சந்தையையோ அடைய வேண்டிய கோவாவும் தக்காளியும் நடுவழியில் நின்றுவிட்ட வண்டியிற் கிடந்து வெயில் ஏறிய பின் சந்தைக்கு வந்தால், அவற்றுக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் போதாது. நெற்செய்கையாளருக்கும் விதைநெல்லும் பசளையும் வயலுக்குப் போகவும், அறுத்த நெல் காலநிலை மாறுமுன் வீடு வரவும் வண்டி வேண்டும். ஆகவே சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கக் கமக்காரர் பலர் விரும்புவது இயல்பே.

அவருட் பெரும்பாலோர் வாங்குவது பாவித்த வண்டியாகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டிகள் வராமையால் பழைய வண்டிகளின் விலை மிக உயர்ந்தது. பத்து, பதினைந்து ஆண்டு ஓடியவையும் பல இலட்சம் ரூபாவுக்குக் கைமாறின. பல போகங்களிற் சேர்த்த பணத்தை ஒரே நாளிற் கொடுத்து வாங்கும் பொருளை அதன் நிறப்பூச்சையும், விற்பவர் சொல்லையும் மட்டும் நம்பி வாங்குதல் தகாது. விதைநெல்லை முளைதிறன் பாராது வயலில் இடுவார் இல்லை. வண்டிக்கும் அத்தகைய சோதனை உண்டு. அதனைச் செய்யும் முறை இங்கே விளக்கப்படுகின்றது.

தேவையை அளவிடுதல்

ஏற்ற வேண்டிய பாரம் எவ்வளவு என்பதை முதலிற் கணித்தல் வேண்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறையுள்ளது. 1,000 கிலோகிராம் ஏற்றத்தக்க வண்டியில் 47 புசலுக்கு மேல் ஏற்றுதல் அதன் அளவை மீறுவதாகும். இரட்டை ஆசன வரிசையுள்ள வண்டியின் பின்பெட்டி குறுகியது; குடும்பத்தாரை ஏற்ற அது வசதியாயினும், மூடைகள் அடுக்க ஒற்றை வரிசை வண்டியே ஏற்றது. நான்கு சில்லும் இயங்கும் வண்டி சேற்று வரம்புக்கு உதவும். ஆனால் அதிலுள்ள மேலதிகப் பாகங்களும் தேயும். திருத்தச் செலவும் கூடும். வேண்டாத வசதிக்குப் பணம் கொடாதிருத்தல் நன்று.

பத்திரங்களும் இலக்கங்களும்

வண்டியைப் பார்க்குமுன் பதிவுச் சான்றிதழைப் பார்த்தல் வேண்டும். அதிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் அவசியம். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் அடிச்சட்ட இலக்கம் முன்சில்லுக்கு அண்மையில், சட்டகத்தின் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சேற்றைக் கழுவித் துணியாற் துடைத்துப் பார்க்க வேண்டும். இலக்கத்தைச் சுற்றி அராவிய அடையாளமோ, ஒட்டுவேலையோ, அவ்விடத்தில் மட்டும் புதுப் பூச்சோ காணப்படின், வேறு சோதனை எதுவும் வேண்டா. அவ்வண்டியை விட்டு விலகுதலே தகும். இரு வண்டிகளின் பாகங்களை ஒட்டி ஒன்றாக்கி விற்பதும் நடப்பதுண்டு.

சான்றிதழில் முழு உரிமையாளராக நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருப்பின் குத்தகைக் கடன் இன்னும் தீரவில்லை என்பது பொருள். கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுத்தல் கூடாது. வாங்குபவர் பெயர் எழுதாத கைமாற்றுப் படிவத்துடன் பலர் கை கடந்து வந்த வண்டியிலும் எச்சரிக்கை வேண்டும். பதிவில் உள்ள உரிமையாளரைத் தேடிப் பிடிக்க இயலாவிடின், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை மாற்றுதல் கடினமாகும்.

மீளழைப்பு என்பது யாது?

ஒரு வகை வண்டிகள் பல விற்கப்பட்ட பின்னர், அவற்றின் அமைப்பிலோ பாகமொன்றிலோ உயிருக்கு ஆபத்தான குறை உண்டெனத் தெரியவரின், அவற்றை மீண்டும் அழைத்து, கட்டணம் பெறாது திருத்திக் கொடுப்பது உற்பத்தியாளரின் கடமையாகும். இதுவே மீளழைப்பு எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டுச் சட்டமும், யப்பானில் 1969 இல் தொடங்கிய ஒழுங்கும் இதற்கு வழிசெய்தன.

மீளழைக்கப்பட்ட வகை எல்லாம் கெட்ட வகை என்று எண்ணுதல் தவறு. பெயர்பெற்ற நிறுவனங்கள் யாவும் மீளழைப்புச் செய்துள்ளன. குறை கண்டு திருத்தப்பட்ட வண்டி பாதுகாப்பானது. குறை அறிவிக்கப்பட்டும் திருத்தப்படாது ஓடும் வண்டியே ஆபத்தானது. எனவே வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த வகைக்கு மீளழைப்பு வந்ததா?" என்பது மட்டுமன்று, "இந்த வண்டிக்கு அத்திருத்தம் செய்யப்பட்டதா?" என்பதுமாகும்.

இங்கு ஒரு செய்தி முக்கியமாக நினைவிற் கொள்ளத்தக்கது. மீளழைப்புக் கடிதம், வண்டி விற்கப்பட்ட நாட்டில் பதிவிலுள்ள உரிமையாளரின் முகவரிக்கே போகும். யப்பானில் ஓடிப் பின் இங்கு இறக்குமதியான வண்டிக்கு அக்கடிதம் கடல் கடந்து வாராது. உள்நாட்டில் மூன்று, நான்கு கை மாறிய வண்டிக்கும் கடிதம் முதல் உரிமையாளரின் வீட்டோடு நின்றுவிடக் கூடும். ஆதலால் பாவித்த வண்டியை வாங்குவோர் கடிதத்துக்குக் காத்திராமல் தாமே தேடி அறிய வேண்டும்.

காற்றுப்பை தந்த பாடம்

மோதல் நேர்ந்தவுடன் சுக்கானிலிருந்து விரிந்து ஓட்டுநரின் நெஞ்சையும் முகத்தையும் காப்பது காற்றுப்பை. அதனை ஊதவைக்க உலோகக் குடுவை ஒன்றில் எரிமருந்து வைக்கப்பட்டிருக்கும். யப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த குடுவைகளில் இம்மருந்து அமோனியம் நைத்திரேற்று ஆகும். பசளையாகவும் பயன்படும் இப்பொருள் ஈரத்தை இழுக்கும் தன்மையது. வாய் திறந்த பசளை மூடை மாரிக்காலத்திற் கசிந்து கட்டிபடுவதைக் கமக்காரர் அறிவர். அதுபோன்றே, ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்படாத குடுவைகளில், பல ஆண்டு வெப்பமும் ஈரப்பதனும் மருந்து வில்லைகளைச் சிதைத்தன. சிதைந்த மருந்து மிக விரைவாக எரிந்து, குடுவையையே வெடிக்கச் செய்தது. உயிரைக் காக்க வேண்டிய பை இரும்புத் துண்டுகளை ஓட்டுநர்மேல் எறிந்தது.

உலகெங்கும் ஏறக்குறைய 10 கோடி குடுவைகள் இதனால் மீளழைக்கப்பட்டன. 2017 யூனில் அந்நிறுவனம் வங்குரோத்து அடைந்தது. பிக்கப் வண்டிகளும் இதிற் தப்பவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டுப் போர்டு ரேஞ்சர் வண்டிகளில் 2015 இலும் 2017 இலும் இருவர் இறந்தனர். 2018 சனவரியில், அவ்வகையில் ஏறக்குறைய 2,900 வண்டிகளின் உரிமையாளரை உடனே ஓட்டுவதை நிறுத்துமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் அவுஸ்திரேலிய அரசு ஏறக்குறைய 30 இலட்சம் வாகனங்களுக்குக் கட்டாய மீளழைப்பை விதித்தது.

நீடித்த வெப்பமும் ஈரமுமே இக்குறையை வளர்ப்பதால், வெப்பமும் ஈரமும் மிகுந்த இலங்கையில் இதனை அலட்சியம் செய்தல் ஆகாது. சில வண்டிகளுக்கு முதலில் அதே வகைக் குடுவையே தற்காலிகமாக இடப்பட்டு, பின்னர் மீண்டும் மாற்றப்பட வேண்டியிருந்தது. ஆதலால் "ஒருமுறை மாற்றியாயிற்று" என்னும் சொல்லை மட்டும் கொண்டு திருப்தியடைதல் கூடாது. எவ்வகைக் குடுவை, எப்போது இடப்பட்டது என்று கேட்டல் வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய காற்றுப்பையை மலிவாக வாங்கிப் பூட்டுதலும் இதே ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மீளழைப்பை அறியும் வழி

முதலாவதாக, அடிச்சட்ட இலக்கத்தைப் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியாற் படம் எடுத்தல் இன்னும் நன்று. உலகச் சந்தைக்குச் செய்யப்பட்ட வண்டிகளில் இது 17 எழுத்தும் இலக்கமும் கொண்டதாயிருக்கும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டவற்றில், வகைக் குறியும் அதன்பின் தொடரிலக்கமும் கொண்ட குறுகிய இலக்கமே காணப்படும்.

இரண்டாவதாக, அவ்விலக்கத்தை அந்நிறுவனத்தின் உள்நாட்டு முகவரிடம் கொடுத்து, நிறைவேறாத மீளழைப்பு உண்டா என எழுத்தில் விடை கேட்க வேண்டும். நிறுவனங்கள் பலவற்றின் இணையத்தளங்களிலும் இலக்கத்தை இட்டுப் பார்க்கும் வசதி உண்டு. யப்பானிலிருந்து வந்த வண்டிக்கு யப்பானிய நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்தல் வேண்டும். வேறு நாட்டுத் தளத்தில் அவ்விலக்கம் காணப்படாமை குறையில்லை என்பதற்குச் சான்றன்று. இணையப் பழக்கம் இல்லாதோர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

மூன்றாவதாக, திருத்தம் செய்யப்பட்டதெனின் அதற்குரிய பற்றுச்சீட்டையோ, பராமரிப்புப் புத்தகப் பதிவையோ காட்டுமாறு விற்பவரைக் கேட்க வேண்டும்.

நான்காவதாக, சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு சில விநாடி எரிந்து பின் அணைய வேண்டும். அணையாதிருப்பின் அமைப்பிற் பழுது உண்டு. எரியவே இல்லையெனின், பழுதை மறைக்க விளக்கு கழற்றப்பட்டிருக்கலாம்.

மீளழைப்பிற் சேராத குறைகள்

மீளழைப்புப் பட்டியல் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட குறைகளையே காட்டும். மிற்சுபிசி மோட்டார் நிறுவனம் இருபது ஆண்டுக்கு மேலாக வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2023 திசம்பரில் டைகற்சு நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனை முறைகேடுகள் வெளிவந்தன. 2024 சனவரியில் கிரான்மக்ஸ், ரவுண் ஏஸ், பொங்கோ ஆகிய சிறு லொறிகளின் வகை அங்கீகாரத்தை யப்பானிய அரசு நீக்கியது.

வேறு சில குறைகள் உயிராபத்தாக அன்றிப் பணச்செலவாக வருவன. அவற்றுக்கு மீளழைப்பு வாராமற் போகலாம். டொயோட்டா கைலக்ஸ் வண்டியின் 3.0 லீற்றர் 1கேடி டீசல் எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் எரிபொருள் தூவிகளின் அடியிலுள்ள செப்பு வளையம் கசியின், எரிந்த வாயு ஒயிலுடன் கலந்து கரி படியும். அக்கரி, ஒயிலை உறிஞ்சும் வடியை அடைக்கும். ஒயில் ஏறாத எஞ்சின் சிறிது நேரத்தில் அழியும். தூவிகள் கடைசியாக எப்போது கழற்றப்பட்டன, வளையங்கள் மாற்றப்பட்டனவா என்று கேட்பதும், வடியைத் திறந்து பார்க்கச் செய்வதும் பெருஞ் செலவைத் தவிர்க்கும். ஆகவே பட்டியலைப் பார்த்தலோடு வண்டியையும் பார்த்தல் வேண்டும்.

அடிச்சட்டம்

பிக்கப் வண்டியின் முதுகெலும்பு அதன் அடிச்சட்டமே. எஞ்சினை மாற்றலாம், உக்கிய சட்டத்தை மாற்றுதல் எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையான டொயோட்டா தக்கோமா பிக்கப் வண்டிகளின் சட்டங்கள் துருவால் உக்கியமையால், 2008 இல் நிறுவனமே பல வண்டிகளைத் திரும்ப வாங்க நேர்ந்தது. அங்கு பனியைக் கரைக்கத் தெருவில் இடப்படும் உப்பு துருவை விரைவுபடுத்தியது. இங்கு கடற்காற்றும், மீன்பெட்டியிலிருந்து வழியும் உப்புநீரும், சிந்திய பசளையும் அவ்வேலையைச் செய்கின்றன. மீன் ஏற்றிய வண்டியும், கரையோரத்தில் நின்ற வண்டியும் இருமடங்கு கவனத்துடன் பார்க்கப்பட வேண்டும்.

வண்டியின் அடியிற் படுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலித்துச் செதில் உதிரும். முன்னறைக்குப் பின்னாலும், பின்வில்லுகள் பொருத்தப்பட்ட இடங்களிலும் வெடிப்பும் ஒட்டும் உண்டா எனப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று நோக்கும்போது முன்னறைக்கும் பின்பெட்டிக்கும் இடையேயுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றோ, கீழே ஒடுங்கி மேலே அகன்றோ இருப்பின் சட்டம் வளைந்ததென்க. பின்வில்லிற் தகடுகள் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டிருப்பின், அவ்வண்டி அளவுக்கு மிஞ்சிய பாரம் சுமந்தது எனக் கொள்ளலாம். அடிப்புறம் முழுவதும் புதிதாகத் தார் பூசப்பட்டிருப்பின், பூச்சின் கீழ் என்ன இருக்கின்றது என்பதை அறியாது வாங்குதல் கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2016, 2017 ஆம் ஆண்டுகளின் மே மாத வெள்ளங்களிலும், 2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் வாகனங்கள் பல நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டி கழுவப்பட்டுத் தொலைவூரில் விற்பனைக்கு வரலாம். ஆசனப் பட்டியை முற்றாக வெளியே இழுத்து அதன் அடியிற் சேற்றுக்கறை உண்டா எனவும், விளக்குகளினுள்ளே நீர்க்கோடு உண்டா எனவும், ஆசனத்தின் கீழுள்ள இரும்பு துருப்பிடித்துள்ளதா எனவும் பார்க்க வேண்டும். அத்தகைய வண்டியின் மின்கம்பிகள் மாதங்கள் கழித்தே பழுது காட்டத் தொடங்கும்.

எஞ்சினைச் சோதித்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் போதல் வேண்டும். முன்னரே சூடாக்கி வைத்திருப்பின் வேறொரு நாள் வருவதாகக் கூறித் திரும்புதல் நன்று. இயக்கியபின் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப்புகை ஒயில் எரிவதையும், மிகுந்த கரும்புகை எரிபொருள் சரியாக எரியாமையையும், நிற்காத வெண்புகை நீர் உட்புகுவதையோ டீசல் எரியாது வெளியேறுவதையோ காட்டும். ஒயில் மூடியின் உட்புறம் பாலாடை போன்ற படிவு இருப்பின் ஒயிலுடன் நீர் கலந்திருத்தல் கூடும். இயங்கும்போது அம்மூடியைத் தளர்த்த, வாயு வேகமாக அடித்து மூடியைத் தள்ளுமாயின் எஞ்சினின் உட்பாகங்கள் தேய்ந்தன எனலாம். றேடியேற்றரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறத்தல் வேண்டும்.

பல்பட்டியால் இயங்கும் எஞ்சினாயின் அப்பட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று கேட்க வேண்டும். மேற்சொன்ன 1கேடி எஞ்சினுக்கு 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அது மாற்றப்பட வேண்டும். பட்டி அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பாழாகும்.

தூரமானி காட்டும் எண்ணை அப்படியே நம்புதல் கூடாது. எண் சிறிதாயிருக்க, மிதிகளின் றப்பரும் சுக்கான் உறையும் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பின், அது திருத்தப்பட்டிருக்கலாம். யப்பானிலிருந்து பாவித்தே வந்த வண்டியாயின், ஏற்றுமதிச் சான்றிதழிலும் ஏலத் தாளிலும் குறித்த தூரத்துடன் ஒப்பிடலாம். ரயரின் பக்கத்தில் அதன் வயதும் பொறிக்கப்பட்டுள்ளது: 2319 என இருப்பின் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும்.

ஓட்டிப் பார்த்தல்

குறைந்தது அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்தல் அவசியம். நேர்வீதியில் வண்டி ஒருபக்கம் இழுக்கின்றதா, பிறேக் பிடிக்கையில் திரும்புகின்றதா, கியர் தானே கழல்கின்றதா, கிளச் வழுக்குகின்றதா எனப் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது வலு குறைதலும், வெப்பமானி உயர்தலும் கவனிக்கத்தக்கன. இயலுமாயின் சில மூடை ஏற்றி ஓட்டுதல் மிக நன்று. வெறும் வண்டி மறைக்கும் குறையைப் பாரம் வெளிப்படுத்தும். திரும்பிய பின் கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, அடியில் ஒயிலோ நீரோ ஒழுகுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இறுதியாக, விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு திருத்துநரிடம் கட்டணம் கொடுத்துக் காட்டுதல் வீண் செலவன்று.

உண்மை விலையைக் கணித்தல்

கேட்கும் விலையுடன், உடனே செய்ய வேண்டிய திருத்தச் செலவையும் கூட்டியதே வண்டியின் உண்மை விலை. உதாரணமாக, ஒரு வண்டிக்கு 45 இலட்சம் ரூபாவும் மற்றொன்றுக்கு 48 இலட்சமும் கேட்கப்படுகின்றன எனக் கொள்வோம். முதலாவதற்கு நான்கு ரயர், பல்பட்டி, கிளச், தூவி வேலை ஆகியவற்றுக்கு 6 இலட்சம் தேவையெனின் அதன் விலை 51 இலட்சமாகும். இரண்டாவதற்குப் பற்றரி மட்டும் வேண்டி, அதற்கு 50,000 ரூபா ஆகுமெனின், அதன் விலை 48½ இலட்சமே. மலிவாகத் தோன்றியது விலைகூடியதாக முடிவதைக் காண்க. பாரதூரமான மீளழைப்பு ஒன்று நிறைவேறாதிருப்பின், திருத்தம் செய்வித்துத் தருமாறு விற்பவரைக் கேட்டல் வேண்டும். விலைக்குறைப்பைப் பெற்றுக்கொண்டு திருத்தாது ஓட்டுதல் தகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பத்திரத்திலும் இரும்பிலும் உள்ள இலக்கங்கள் ஒத்திருத்தல் வேண்டும்.
2. அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு மீளழைப்பு விபரத்தை முகவரிடம் எழுத்திற் பெறுக.
3. காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகின்றதா எனப் பார்க்க.
4. சட்டத்தைத் தட்டிப் பார்க்காது விலை பேசற்க.
5. குளிர்ந்த எஞ்சினை இயக்கிப் பார்க்க. பாரத்துடன் ஓட்டிப் பார்க்க.
6. திருத்தச் செலவையும் கூட்டி விலையை ஒப்பிடுக.
7. பணம் கொடுத்தவுடன் காலந்தாழ்த்தாது உரிமையைத் தம் பெயருக்கு மாற்றுக. இனி வரும் மீளழைப்பு அறிவித்தல் வந்து சேருமாறு, பெயரையும் முகவரியையும் முகவரிடமும் பதிந்து வைக்குக.

இச்சோதனைகளுக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் செல்லலாம். அறுவடை நெருங்குகின்றது என்ற அவசரத்தில் இவற்றைக் கைவிட வேண்டா. ஒரு போகத்துக்கு வாடகை வண்டி பிடித்தால் இழப்பது கூலி மட்டுமே. ஆராயாது வாங்கிய வண்டியால் பல போகத்து உழைப்பையும், சில வேளை உயிரையும் இழக்க நேரிடும்.